கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, பயப்பட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னை கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். 26 வருடம் ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை. கட்டிகளிலிருந்து ஊசியில் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தயார் செய்து கொடுப்பதுதான் என் வேலை. அதனால் தெருவில் யாருக்குக் கழுத்தில் கட்டி வந்தாலும் "அக்கா, கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று வந்துவிடுவார்கள். தொட்டுப் பார்த்து இன்ன நோய் என்று சொல்ல என்னால் ஆகாது, நான் டாக்டர் இல்லை. எவ்வளவு நாள் பொறுக்கலாம், எப்போது கிளம்ப வேண்டும், போன இடத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நெறி என்றால் என்ன, அது ஏன் கட்டுகிறது?

உடம்பு முழுக்க நிணநீர் என்று ஒன்று ஓடுகிறது. அதில் வரும் கிருமியையும் கழிவையும் பிடித்து வைக்கிற சின்னச் சின்ன முடிச்சுகள்தான் நெறி. கழுத்தில் மட்டும் சுமார் 300 இருக்கும். சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் சிரங்கு, இப்படிப் பக்கத்தில் எங்கே கிருமி வந்தாலும் அந்த வழியில் இருக்கிற முடிச்சு வீங்கும், தொட்டால் வலிக்கும், பிறகு தானாக வற்றும். பெரும்பாலான நெறி இந்த வகைதான்.

கையில் தட்டுப்படுவது எல்லாமே நெறிதானா?

இல்லை. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் சமமாகத் தெரிவது உமிழ்நீர்ச் சுரப்பியாக இருக்கலாம். சாப்பிடும்போது மட்டும் வீங்கி அப்புறம் வடிந்தால் அந்தச் சுரப்பியின் குழாயில் கல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கினால் தைராய்டு. நாக்கை வெளியே நீட்டும்போது மேலே இழுத்தால் அது பிறவியிலேயே வரும் ஒரு நீர்க்கட்டி. துடிப்பது ரத்தக்குழாய். பயத்தில் கழுத்தைத் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்கிறவர்கள் நாக்கடி எலும்பின் முனையைக்கூடக் கட்டி என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு முறை பாருங்கள், அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் வரை கையை எடுத்துவிடுங்கள். அமுக்க அமுக்க வலியும் வீக்கமும் கூடும்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

காய்ச்சலோ, சளியோ, பல்வலியோ சேர்ந்து வந்திருந்தால் இரண்டு வாரம். காரணம் எதுவுமே தெரியாமல் பெரியவர்களுக்கு ஒரு கட்டி இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால், அல்லது எப்போது வந்தது என்றே சொல்ல முடியாவிட்டால், அதற்கு மேல் பொறுக்க வேண்டாம். அமெரிக்காவின் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே இரண்டு வாரக் கணக்கைத்தான் சொல்கிறது. அளவில் 1.5 செ.மீ.க்கு மேல், கெட்டி, அசைக்க முடியாமல் ஒட்டியிருப்பது, மேல்தோல் புண்ணாவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. 1.5 செ.மீ. என்றால் ஏறக்குறைய ஒரு கோலிக்குண்டு. பட்டாணி அளவுக்குள், மெத்தென்று, விரலுக்கு அடியில் நழுவி ஓடுகிறது என்றால் பெரும்பாலும் பயம் இல்லை.

வலியே இல்லையே, அப்புறம் என்ன?

வலி இல்லாததுதான் எனக்குக் கவலை. கிருமியால் திடீரென்று வீங்கியது வலிக்கும். டி.பி. நெறியும் புற்றுநோய் நெறியும் பல பேருக்கு மாதக்கணக்கில் வலிக்காமலே இருக்கும், அதனால்தான் தாமதமாக வருகிறார்கள். "வலிச்சா வந்திருப்பேன்க்கா" என்று சொன்னவர்களின் தகடுகளை நிறையத் தேய்த்திருக்கிறேன்.

எந்த இடத்தில் வந்தால் ஆபத்து?

காறை எலும்புக்கு மேலே இருக்கிற குழி. சட்டைக் காலர் உட்காரும் இடம். அங்கே எந்த வயதில், எந்த அளவில் நெறி தட்டுப்பட்டாலும் காத்திருக்காமல் காட்ட வேண்டும். இடது பக்கக் குழிக்கு வயிற்றிலிருந்து நிணநீர் வருகிறது, இரைப்பைப் புற்றுநோய் முதன்முதலில் அங்கே தலைகாட்டுவது உண்டு. வலது பக்கம் வந்தால் நுரையீரலையும் உணவுக்குழாயையும் பார்ப்பார்கள். டி.பி.யும் அங்கே வரும்.

இடம் எதுவானாலும் சரி, ராத்திரி வியர்வையில் தலையணையும் துணியும் நனைந்து மாற்ற வேண்டியிருக்கிறது, சாயங்காலக் காய்ச்சல் வாரக்கணக்கில் விடவில்லை, ஆறு மாதத்தில் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு (60 கிலோ ஆளுக்கு 6 கிலோ) குறைந்துவிட்டது, அக்குளிலும் தொடை இடுக்கிலும் சேர்ந்தே கட்டியிருக்கிறது என்றால் அந்த வாரமே போங்கள். குரல் கம்மி மூன்று வாரமாகியும் சரியாகவில்லை, விழுங்கச் சிரமம், ஒரே பக்கக் காதுவலி, ஒரே பக்க மூக்கில் ரத்தம், இவையும் அப்படித்தான். மூச்சுவிடக் கஷ்டம் என்றால் அந்த நிமிடமே அவசரப் பிரிவு.

என் பையனுக்கு ஒண்ணாவது படிக்கிற வயது. காதுக்குப் பின்னால் ஐந்தாறு நெறி இருக்கிறது, வருடம் முழுக்க இருக்கிறது.

முதலில் தலையைப் பாருங்கள், பேன், ஈர், சிரங்கு இருக்கும். பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் நெறி கட்டியிருக்கிறதே என்று அழுதுகொண்டு வந்த ஒரு அம்மாவின் பெண் குழந்தைக்குத் தலையைப் பிரித்துப் பார்த்தபோது சொறிந்து சொறிந்து நீர் வடிந்து முடியெல்லாம் ஒட்டிக்கிடந்தது. பேன் மருந்து போட்டு, புண்ணுக்கு மருந்து கொடுத்ததும் சில வாரத்தில் நெறி வற்றிவிட்டது. ஆரோக்கியமான குழந்தைகளுக்கே கழுத்தில் சின்ன நெறி கைக்குத் தட்டுப்படும், சளி பிடிக்கும்போதெல்லாம் பெரிதாகி அப்புறம் சிறுக்கும். ஆனால் வளர்ந்துகொண்டே போகிறது, குழந்தை சாப்பிடாமல் இளைக்கிறது, முகம் வெளுக்கிறது, உடம்பில் காரணமில்லாமல் நீலத் திட்டு வருகிறது, வீட்டில் யாருக்காவது டி.பி. இருக்கிறது என்றால் குழந்தை டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

மெடிக்கலில் கேட்டு ஒரு கோர்ஸ் மாத்திரை போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். இதை நான் கெஞ்சியே சொல்வேன்.

கடையில் கொடுக்கிற பொட்டலத்தில் பல நேரம் ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வலி மாத்திரை, கூடவே ஒரு ஸ்டீராய்டு இருக்கும். ஸ்டீராய்டு போட்டால் நிணநீர்ப் புற்றுநோய்க் கட்டிகூடக் கொஞ்ச நாள் சுருங்கும், அந்த நேரத்தில் எடுக்கிற சதை டெஸ்ட்டிலும் நோய் சரியாகத் தெரியாமல் போகலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் டி.பி. கிருமியைப் பாதி அடக்கிவைக்கும். கொல்லாது, கண்டுபிடிக்கவும் விடாது. பல்லிலோ தொண்டையிலோ கிருமி இருப்பது தெரிந்து டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் அது வேறு விஷயம், அதை முழுதாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு வாரத்தில் அவரிடமே திரும்பக் காட்டுங்கள்.

என் தம்பிக்கு நடந்ததைச் சொல்கிறேன். எண்ணூர்ப் பக்கம் வெல்டிங் வேலை, அப்போது 34 வயது. இடது கழுத்தில் ஒரு கட்டி, புளியங்கொட்டை அளவு. ஒரு கிளினிக்கில் ஊசி டெஸ்ட் எதுவும் எடுக்காமல், "இந்த ஏரியாவில் கழுத்துக் கட்டி என்றால் டி.பி.தான்" என்று மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்கள், கூடவே ஸ்டீராய்டும். ஒரு மாதத்தில் கட்டி குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். என்னிடமும் காட்டினான். நானும் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர் சொன்னா சரியாத்தான்டா இருக்கும்" என்றேன். நான்காவது மாதம் இரண்டு பக்கமும் கட்டிவிட்டது, உடம்பெல்லாம் அரிப்பு. அப்புறம்தான் முழு நெறியை எடுத்துப் பார்த்தார்கள், ஹாட்ஜ்கின் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோயில் ஒரு வகை. 15 நாளுக்கு ஒரு முறை கீமோ ஏற்றி, நல்லபடியாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். ஆனால் அந்த நான்கு மாதம் போனது போனதுதான். அன்றைக்கு அவனிடம் "எதை வைத்து டி.பி. என்று சொன்னார்கள், ரிப்போர்ட் எங்கே?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன்.

டாக்டரிடம் போனால் என்னென்ன டெஸ்ட் எடுப்பார்கள்?

டெஸ்டுக்கு முன்னால் வாய், நாக்கு, தொண்டை, மூக்கு, காது, தலைத்தோல், தைராய்டு, அக்குள், வயிறு எல்லாம் பார்க்க வேண்டும். கழுத்தை மட்டும் தொட்டுவிட்டுச் சீட்டு எழுதினால், "வாயையும் பார்த்துடுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். பிறகு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, எச்.ஐ.வி., நெஞ்சு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் கையில் போடுகிற மான்டூ ஊசி. மான்டூ தடித்தால் டி.பி. கிருமி எப்போதோ உடம்புக்குள் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம், இந்தக் கட்டி டி.பி. என்று ஆகிவிடாது. ஈ.எஸ்.ஆர். என்கிற ரத்த டெஸ்ட் ஏறியிருப்பதை வைத்தும் எதையும் முடிவு கட்ட முடியாது.

கழுத்து ஸ்கேன் நல்ல உதவி. சாதாரண நெறி மொச்சைக்கொட்டை மாதிரி நீளமாக, நடுவில் கொழுப்புக் கோடு தெரிய இருக்கும். உருண்டு, அந்தக் கோடு மறைந்து, ரத்த ஓட்டம் ஓரங்களில் தாறுமாறாக இருந்தால் சந்தேகம். ஆனால் ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும், உள்ளே இருக்கிறதை எடுத்துப் பார்த்தால்தான் நோயின் பெயர் தெரியும்.

ஊசி குத்தினால் கேன்சர் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. அந்த ஊசி, ரத்தம் எடுக்கிற ஊசியை விடவும் மெல்லியது. இரண்டு மூன்று நிமிட வேலை, மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் தேவையில்லை. இந்தப் பயத்தால் மூன்று மாதம் தள்ளிப்போட்டவர்களுக்கு நோய் அந்த மூன்று மாதத்தில் வளர்ந்தது, ஊசியால் பரவவில்லை.

ஊசி டெஸ்ட்டே போதுமா, சதை எடுக்க வேண்டுமா?

இங்கேதான் நிறையத் தவறு நடக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஊசியில் சில நேரம் தயிர்க்கட்டி மாதிரி மஞ்சள் வெள்ளையாக ஒன்று வரும். சிரிஞ்சில் அதைப் பார்த்ததுமே எங்களுக்கு டி.பி. ஞாபகம் வந்துவிடும், இருந்தாலும் ஞாபகம் வருவது ரிப்போர்ட் ஆகாது. அதில் ஒரு சொட்டைத் தகட்டில் தேய்ப்போம், மீதியை ஜீன் எக்ஸ்பர்ட் டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அது இரண்டே மணி நேர ஓட்டத்தில் டி.பி. கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்று சொல்லிவிடும். அரசு டி.பி. திட்டத்தில் இது இலவசம். நெறியில் கிருமி குறைவாகத்தான் இருக்கும் என்பதால் இல்லை என்று வந்தாலும் டி.பி. இல்லை என்று முடிவு கட்ட முடியாது, கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரும் போட வேண்டும்.

வாய், தொண்டைப் புற்றுநோய் கழுத்துக்கு இறங்கியிருந்தால் ஊசி டெஸ்ட்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படிச் சந்தேகம் இருக்கும்போது முதல் வேலையாகக் கட்டியை அறுத்து எடுக்கக் கூடாது. மூலம் எங்கே என்று தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், முன்கூட்டியே கழுத்தை அறுத்தால் பின்னால் செய்ய வேண்டிய பெரிய ஆபரேஷன் சிக்கலாகும். 40 வயதுக்கு மேல் கழுத்தில் நீர்க்கட்டி என்று ஸ்கேன் சொன்னாலும் சாதாரணம் என்று விடக் கூடாது, புற்றுநோய் நெறியும் உள்ளே நீர் கோத்து அப்படித் தெரியும்.

லிம்போமா சந்தேகம் என்றால் கதை வேறு. ஊசியில் வருவது சிதறிய செல்கள்தான், இந்த நோய்க்கு நெறியின் முழு அமைப்பையும் பார்க்க வேண்டும், அதனால் ஒரு நெறியை முழுதாக எடுத்து அனுப்புவார்கள். ஊசி டெஸ்ட்டில் ஒன்றும் இல்லை என்று வந்தும் கட்டி போகாமல் வளர்ந்தால் அப்போதும் சதை டெஸ்ட் கேளுங்கள்.

எடுத்ததை எதில் போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். நெறியை எடுத்ததும், சதை கெடாமல் வைக்கிற ஃபார்மலின் பாட்டிலில் முழுதாகப் போட்டுவிட்டால் அதில் டி.பி. கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. ஒரு துண்டு ஃபார்மலினில், ஒரு துண்டு வெறும் சலைன் தண்ணீரில், இரண்டு பாட்டில் வேண்டும். அந்தக் கண் எரிகிற வாசனையோடு ஒரே ஒரு பாட்டில் வந்து சேரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், ஏனென்றால் அந்த நோயாளிக்குத் திரும்பவும் கழுத்தில் கத்தி வைக்க வேண்டி வரலாம். ஆபரேஷனுக்கு முன்னாலேயே "டி.பி. கல்ச்சருக்கும் அனுப்புவீங்களா டாக்டர்?" என்ற ஒரு கேள்வி போதும். கழுத்தின் பக்கவாட்டில், பின்பக்கமாக எடுப்பதானால் தோளைத் தூக்குகிற நரம்பு மேலாகவே ஓடுகிறது, அது அறுபட்டால் கை மேலே போகாது. அதனால் அனுபவமுள்ள சர்ஜனிடம் மட்டும்.

இருமலே இல்லை, எனக்கு எப்படி டி.பி. வரும்?

டி.பி. நுரையீரலோடு நிற்பதில்லை, நுரையீரலுக்கு வெளியே அது அதிகம் வருகிற இடங்களில் கழுத்து நெறி முக்கியமானது. நம் ஊர்ப் பாட்டிகள் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். இரண்டு மூன்று நெறி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொத்தாக இருக்கும், சில மாதத்தில் மெத்தென்று ஆகி உடைந்து ஆறாத புண்ணாகும். நெருக்கமான வீடு, காற்று வராத அறை, சர்க்கரை நோய், சத்துக் குறைவு இருந்தால் டி.பி. வர வாய்ப்பு அதிகம். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுக்கிற வீடுகள் எத்தனை இருக்கின்றன. இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உறுதியானால் ஆறு மாத மாத்திரை, முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. அரசில் முழுக்க இலவசம். 2018-லிருந்து மாதம் 500 ரூபாய் சத்துணவுப் பணம் கொடுத்தார்கள், 2024 நவம்பரிலிருந்து அதை 1000 ரூபாயாக்கியிருக்கிறார்கள், வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்து மறக்காமல் பதிவு செய்யுங்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினாலோ நிறங்கள் சரியாகத் தெரியாவிட்டாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டுமா?

வேண்டாம். நெறி டி.பி. மட்டும் இருந்தால் அது அடுத்தவருக்கு ஒட்டாது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுரையீரலில் இல்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். நுரையீரல் டி.பி.க்கே தட்டைத் தனியாக வைப்பதால் பிரயோஜனம் இல்லை, அது காற்றில் பரவுவது. சேத்துப்பட்டில் இருக்கிற டி.பி. ஆராய்ச்சி நிலையம் 1956-ல் ஆரம்பித்தது. அங்கே நம் சென்னை ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளில் பாதிப் பேரை ஆஸ்பத்திரியிலும் பாதிப் பேரை வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் அதே அளவு குணமானது என்று 1959-ல் வெளியிட்டார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாக வரவில்லை என்று அடுத்த வருடம் வெளியிட்டார்கள். உலகமே அதைப் பார்த்துத்தான் டி.பி. நோயாளியை வீட்டோடு வைத்து வைத்தியம் செய்யப் பழகியது. அந்த ஊரில் இருந்துகொண்டு மருமகளுக்குத் தனித் தட்டு வைக்கிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

மாத்திரை ஆரம்பித்த பிறகு கட்டி பெரிதாகிறதே?

சிலருக்கு நடக்கும். செத்த கிருமியைப் பார்த்து உடம்பு சண்டை போடுவதால் வருகிற வீக்கம் அது. மாத்திரையை நிறுத்தாமல் போய்க் காட்டுங்கள், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று அவர்கள் பார்ப்பார்கள். கல்ச்சர் ஏற்கனவே போட்டிருந்தால் அப்போது அது கைகொடுக்கும்.

பழுத்துவிட்டது, கீறி விடலாமா? சுண்ணாம்பு தடவலாமா?

இரண்டும் வேண்டாம். டி.பி. கட்டியைக் கீறினால் அந்த வழி மூடாமல் மாதக்கணக்கில் வடியும். சீழை நல்ல தோல் வழியாக, பக்கவாட்டில் ஊசி விட்டு உறிஞ்சுவார்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பத்துப் போட்டு, தோல் வெந்த நிலையில் வருகிறவர்களுக்குப் புண் ஆறும் வரை ஊசி டெஸ்டே எடுக்க முடியாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

வீட்டுக்காரர் மாவா (புகையிலை கலந்த பாக்கு) போடுவார். தாடைக்குக் கீழே கெட்டியாக ஒரு கட்டி.

நாளைக் காலையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாக ஆறாத புண், ஆடுகிற பல், வாய் மூன்று விரல் அளவுக்குத் திறக்க முடியாமை, எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2013-ல் குட்கா தடை வந்தும் மாவா பொட்டலம் எங்கள் பக்கம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, பள்ளிக்கூடப் பையன்கள் வாயிலும் பார்க்கிறேன். சிகரெட், சாராயம், புகையிலை வெற்றிலை போடுகிறவர்களுக்கும் இதேதான்.

20, 25 வயதுப் பெண்களுக்குக் காய்ச்சலோடு கழுத்தில் கட்டினால்?

டி.பி., வைரஸ் தவிர கிகுச்சி என்று ஒன்று இருக்கிறது, 1972-ல் ஜப்பானில் கண்டுபிடித்துச் சொன்னது. சில மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் டி.பி. மாதிரியும் லிம்போமா மாதிரியும் தெரியும், சதை டெஸ்ட்டில்தான் பிரித்துச் சொல்ல முடியும். டெஸ்ட் இல்லாமல் டி.பி. மாத்திரை ஆரம்பிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே போவது, எதை எடுத்துக்கொண்டு போவது?

நம் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டலாம். சென்ட்ரல் எதிரில் இருக்கிற பெரியாஸ்பத்திரியும் தூரமில்லை. டி.பி. உறுதியானால் வீட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை வாங்கிக்கொள்ளலாம், ஓட்டேரியில் தனி டி.பி. ஆஸ்பத்திரியும் உண்டு. புற்றுநோய் என்றால் அரசு மருத்துவமனைகளோடு 1954-லிருந்து இருக்கிற அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே கையில் வைத்திருங்கள்.

ஒரு இடத்தில் ஊசி டெஸ்ட்டோ சதை டெஸ்ட்டோ எடுத்துவிட்டு இன்னொரு இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் பேப்பர் ரிப்போர்ட் மட்டும் போதாது. அந்தக் கண்ணாடித் தகடுகளையும், சதையைப் பதித்து வைத்திருக்கிற மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள், அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டாவது டாக்டர் அதை வைத்தே திரும்பப் பார்க்கலாம், பெரும்பாலும் மறுபடி அறுக்க வேண்டியிருக்காது. தகட்டைப் பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். மெழுகுக் கட்டியை வெயிலில், வண்டி டேங்க் கவரில் வைக்காதீர்கள், உருகிவிடும்.